ஸ்கிரிப்ட் திருடு போனாலும் பேக்கப் போகக்கூடாது: கடைத் தரவுத்தளத்தை வெளி சேர்வருக்கு அனுப்பும் முறை

இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறாவூரிலிருந்து பொத்துவில் வரைக்கும் எந்த டவுனில் இறங்கினாலும் பார்மசி, ஹார்ட்வெயார் கடை, அரிசி ஆலை, நகைக்கடை என்று ஒவ்வொன்றிலும் மூலையில் ஒரு கொம்பியூட்டர் இருக்கும், அதற்குள் ஒரு பில் மென்பொருள், அதற்குக் கீழே பெரும்பாலும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளம். பேக்கப் எங்கே என்று கேட்டால் முதலாளி லாச்சியைத் திறந்து ஒரு பென் டிரைவைக் காட்டுவார். 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசம்பர் சுனாமியையும் கண்ட கரையில் இதற்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை, கொம்பியூட்டரைக் கொண்டுபோகிற தண்ணீர் லாச்சியை மட்டும் விட்டுவைக்காது. கோப்பு ஊருக்கு வெளியே போய்த்தான் ஆக வேண்டும்.

அனுப்புவது பெரிய விஷயமில்லை, கொம்பியூட்டர் தானாகச் செய்ய வேண்டியதைக் கட்டளைகளாக எழுதிய பத்து வரி ஸ்கிரிப்ட் போதும். ஆனால் அந்தப் பத்து வரிக்குள் சேர்வரின் பெயர், பயனர், கடவுச்சொல் மூன்றையும் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள்தான் அதிகம். கடை கொம்பியூட்டரில் யார் யாரோ பென் டிரைவ் போடுகிறார்கள், பாட்டு இறக்குகிறார்கள். வைரஸ் ஒன்று நுழைந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டால், அதே கடவுச்சொல்லை வைத்து வெளியில் இருக்கும் பேக்கப்பையும் அழித்துவிட்டுத்தான் கேட்கும். ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்தக் கொம்பியூட்டரும் ஸ்கிரிப்ட்டும் முழுசாக வேறொருவர் கைக்குப் போனால், அவரால் பழைய பேக்கப்பைப் படிக்கவோ அழிக்கவோ முடியுமா? முடியும் என்றால் வேலை இன்னும் முடியவில்லை.

தரவுத்தளத்தையே அனுப்பச் சொல்லாதீர்கள்

பல தரவுத்தளங்களில், தரவுத்தளத்துக்குள் இருந்தே கோப்பை வெளியே அனுப்ப ஒரு குறுக்குவழி இருக்கிறது. எஸ்கியூஎல் சேர்வரில் எக்ஸ்பி கமாண்ட்ஷெல், போஸ்ட்கிரெஸில் காப்பி டு புரோகிராம், ஆரக்கிளில் யுடிஎல் டிசிபியை வைத்து பிஎல்எஸ்கியூஎல் என்ற அதன் சொந்த நிரல்மொழியிலேயே எழுதும் எஃப்டிபி (கோப்பு அனுப்பும் பழைய விதிமுறை). மூன்றும் வேலை செய்யும். மூன்றையும் நான் தவிர்ப்பேன். எக்ஸ்பி கமாண்ட்ஷெல் 2005 பதிப்பிலிருந்தே ஆரம்பத்தில் அணைக்கப்பட்டுத்தான் வருகிறது, அது சும்மா இல்லை: பில் மென்பொருளில் ஒரு ஓட்டை இருந்தால் அதன் வழியாக வந்தவன் தரவுத்தளத்தோடு நிற்காமல் கொம்பியூட்டருக்குள்ளேயே கட்டளை கொடுக்கத் தொடங்கிவிடுவான். போஸ்ட்கிரெஸ் வழிக்கு எல்லாம் செய்யக்கூடிய சூப்பர்யூசர் உரிமையோ, 11ஆம் பதிப்பில் வந்த தனி உரிமையோ வேண்டும். அதை ஒரு பில் மென்பொருளின் கணக்குக்குக் கொடுப்பது எதற்கு?

ஆரக்கிள் வழியில் இன்னொரு சங்கடம். பிஎல்எஸ்கியூஎல்லுக்குள் எழுதிய கடவுச்சொல், அந்த மூலநிரலைப் பார்க்க அனுமதி உள்ள எல்லோருக்கும் தெரியும், அதோடு தரவுத்தளத்தை பேக்கப் எடுக்கும்போது அதுவும் சேர்ந்தே போகும். பேக்கப் சேர்வரின் கடவுச்சொல் பேக்கப்புக்குள்ளேயே! ஆரக்கிளில் இருந்துதான் கிளப்ப வேண்டும் என்றால் நேரத்துக்கு வேலை ஓட்டும் டிபிஎம்எஸ் ஷெட்யூலரின் வெளி வேலையாகப் போட்டு, கடவுச்சொல்லை அதன் கிரெடென்ஷியல் என்ற தனி இடத்தில் வையுங்கள், நிரலுக்குள் வேண்டாம்.

நல்ல ஏற்பாடு இதுதான். தரவுத்தளம் கோப்பை ஒரு போல்டருக்குள் எழுதட்டும், அத்தோடு அதன் வேலை முடிந்தது. அந்த போல்டரில் இருப்பதை அனுப்புவது கொம்பியூட்டரின் வேறொரு பயனர் கணக்கில் ஓடும் வேறொரு ஸ்கிரிப்ட். தரவுத்தளத்துக்கு இன்டர்நெட் தெரியாது, அனுப்பும் ஸ்கிரிப்ட்டுக்குத் தரவுத்தளக் கடவுச்சொல் தெரியாது.

எடுப்பது

மைஎஸ்கியூஎல் என்றால், தரவு முழுவதையும் ஒரு கோப்பாக எழுதித்தரும் மைஎஸ்கியூஎல்டம்ப். இதற்கென்று தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, செலக்ட், ஷோ வியூ, டிரிகர் உரிமைகள் மட்டும் கொடுங்கள், எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கை இதற்குப் பாவிக்க வேண்டாம். 8.0.21 பதிப்பிலிருந்து பிராசஸ் உரிமையும் கேட்டு எரர் வரும், அப்போது உரிமையைக் கூட்டாமல் நோ டேபிள்ஸ்பேசஸ் என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் சரி. சிங்கிள் டிரான்ஸாக்ஷன் ஆப்ஷனையும் மறக்க வேண்டாம், இனோடிபி (மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான வகை) அட்டவணைகளில் அது ஒரே நேரத்தின் நிலையை எடுக்கும், கடையில் பில் போடுவது நிற்காது. ஸ்டோர்டு புரொசீஜர்கள் (தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்த நிரல்கள்) தானாக வராது, ரூட்டீன்ஸ் என்று தனியாகச் சொல்ல வேண்டும் (அதற்குக் கூடுதல் உரிமை கேட்டால் அதை மட்டும் பார்த்துக் கொடுங்கள்).

கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதினால் அந்தக் கொம்பியூட்டரில் ஓடும் வேலைகளின் பட்டியலைப் பார்க்கிறவர் கண்ணில் படலாம். அதை ஒரு சிறு கோப்பில் எழுதி, உரிமையாளர் மட்டும் படிக்கும்படி 600 அனுமதி போட்டு, டிஃபால்ட்ஸ் எக்ஸ்ட்ரா ஃபைல் என்ற ஆப்ஷனால் சுட்டிக்காட்டுங்கள். அது கட்டளையில் முதல் ஆப்ஷனாக வர வேண்டும், நடுவில் போட்டால் எடுபடாது. போஸ்ட்கிரெஸில் இதே வேலையை பிஜிபாஸ் கோப்பு செய்யும், 600 இல்லாவிட்டால் அது அந்தக் கோப்பைத் திரும்பியும் பார்க்காது, நல்ல பழக்கம்.

இங்கே பலர் விழுகிற குழி ஒன்று உண்டு. டம்பின் வெளியீட்டை, கோப்பைச் சுருக்கும் ஜிஸிப்புக்குள் நேராக உள்ளீடாகத் தள்ளுவார்கள், அதாவது பைப் பண்ணுவார்கள். கடவுச்சொல் பிழையாகி டம்ப் ஒரு வரிகூட எழுதாமல் செத்தாலும், கடைசியில் நின்ற ஜிஸிப் தன் வேலை சரி என்று சொல்லும், ஸ்கிரிப்ட்டும் வெற்றி என்று நம்பும், மாதக்கணக்கில் 20 பைட் கோப்புகள் அழகாகத் தேதி போட்டுப் போய்ச் சேரும். வெறுமையைச் சுருக்கினால் ஜிஸிப் தருவது அந்த 20 பைட்தான். பாஷ் ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் பைப்ஃபெயில் என்ற அமைப்பைப் போட்டால் பைப்பின் எந்தத் துண்டு செத்தாலும் முழுதும் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும். அதற்கு மேலும், டம்பின் கடைசி வரியில் டம்ப் கம்ப்ளீட்டட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். முழுதாக முடிந்தால் மட்டும்தான் அந்த வரி வரும்.

பூட்டுவது

வழியில் யாரும் பார்க்காமல் இருப்பது ஒரு பாதுகாப்பு, போய்ச் சேர்ந்த இடத்தில் யாரும் படிக்காமல் இருப்பது வேறு பாதுகாப்பு. வாடகை சேர்வர் யாருடையதோ. பார்மசியின் தரவுத்தளத்தில் இன்னாருக்கு என்ன மருந்து என்று இருக்கிறது, ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. ஆகவே கோப்பு கடையை விட்டு இறங்கும் முன்பே பூட்டப்பட வேண்டும், அதாவது திறப்பு இல்லாதவர் படிக்க முடியாதபடி மறையாக்கப்பட வேண்டும்.

பூட்டும் கருவிகள் ஜிபிஜி அல்லது ஏஜ், இரண்டில் எதுவும் சரி. ஏஜ் எளிது, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். இரண்டிலும் பொதுத் திறப்பு, இரகசியத் திறப்பு என்று ஜோடி (கீ) வரும். பொதுத் திறப்பால் பூட்டத்தான் முடியும், திறக்க முடியாது. கடை கொம்பியூட்டரில் அதை மட்டும் வையுங்கள். இரகசியத் திறப்பை வேறொரு கொம்பியூட்டரில் உருவாக்கி, இரண்டு பென் டிரைவில் எடுத்து, ஒன்று முதலாளி வீட்டிலும் இன்னொன்று தண்ணீர் ஏறாத வேறு ஊரிலும் இருக்கட்டும், அம்பாறைப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் அங்கே. அது தொலைந்தால் எல்லா பேக்கப்பும் தொலைந்ததுதான், மீட்டுத் தர ஒருவராலும் முடியாது. முதலில் சுருக்கிவிட்டுப் பிறகு பூட்டுங்கள், பூட்டிய கோப்பு சுருங்காது. ஜிபிஜியை ஸ்கிரிப்ட்டில் ஓட விடும்போது இந்தத் திறப்பை நம்புகிறாயா என்று கேட்டு நின்றுவிடும், டிரஸ்ட் மாடலை ஆல்வேஸ் என்று வைத்தால் கேட்காது.

எதனால் அனுப்புவது

வெறும் எஃப்டிபி வேண்டாம். 1985இல் எழுதிய விதிமுறை, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே எழுத்து எழுத்தாகப் போகும், கல்முனை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு ஏடிஎம் பின் நம்பரை உரக்கச் சொல்வதும் அதுவும் ஒன்றுதான். எஃப்டிபிஎஸ் என்பது அதற்கு மேலே டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தைப் போர்த்தியது, பாதுகாப்பானதுதான், ஆனால் தரவுக்கு வேறு வேறு போர்ட்டுகள் (இணைப்பு வாசல்கள்) திறப்பதால் ரவுட்டரோடும் ஃபயர்வாலோடும் மல்லுக்கட்ட வேண்டும். எஸ்எஃப்டிபி பெயரில் மட்டும்தான் எஃப்டிபி, உள்ளே எஸ்எஸ்எச் (வேறு கொம்பியூட்டருக்குள் பாதுகாப்பாக நுழையும் விதிமுறை), ஒரே ஒரு போர்ட் 22, அதற்கான மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச் இருந்தால் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். விண்டோஸிலும் 2018க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் ஓப்பன்எஸ்எஸ்எச் கிளையன்ட் இருக்கிறது. இதைத்தான் எடுக்கப்போகிறோம்.

எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையால் இடி25519 வகையில் ஒரு திறப்பு ஜோடி உருவாக்குங்கள். இது பூட்டும் ஜோடி அல்ல, சேர்வருக்குள் நுழையும் ஜோடி, இரண்டையும் குழப்ப வேண்டாம். இரவில் தானாக ஓடும் வேலைக்குக் கடவுச்சொற்றொடர் தட்ட ஆளில்லை, ஆகவே வெறுமையாகத்தான் விட வேண்டியிருக்கும். அதாவது இந்தக் கோப்பு கைக்குக் கிடைத்தவர் எவரும் உள்ளே போகலாம். அதைத் தடுக்க முடியாது, போய் என்ன செய்யலாம் என்பதைத்தான் குறைக்க முடியும், அந்த வேலை முழுதும் சேர்வர் பக்கம்.

சேர்வரில் இதற்கென்று ஒரு பயனர். எஸ்எஸ்எச்டி (சேர்வரின் எஸ்எஸ்எச் சேவை) அமைப்பில் அவருக்கு ஃபோர்ஸ் கமாண்ட் என்ற இடத்தில் இன்டர்னல் எஸ்எஃப்டிபி என்று போட்டால் கட்டளை தட்டும் ஷெல் கிடைக்காது, கோப்பு மட்டும்தான் அனுப்பலாம். குரூட் டிரெக்டரியும் போட்டால் அந்த போல்டருக்கு வெளியே எதுவும் தெரியாது. அந்த குரூட் போல்டரும் அதற்கு மேலே உள்ள எல்லாமும் ரூட்டுக்குச் சொந்தமாக, வேறு யாரும் எழுத முடியாதபடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்நுழைந்த கணமே தொடர்பு அறுந்துவிடும், எரர் செய்தியும் சரியாகப் புரியாது, இதில்தான் ஆட்கள் பாதி நாளைத் தொலைக்கிறார்கள். அதற்குள்ளே வரவு என்று ஒரு போல்டர் வைத்து, அதை மட்டும் அந்தப் பயனருக்கு எழுதக் கொடுங்கள். போர்ட் ஃபார்வர்டிங்கையும் கடவுச்சொல் உள்நுழைவையும் அணையுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் வரவு போல்டரில் இருப்பதை அவர் அழிக்கலாம், மேலெழுதலாம். ஆகவே சேர்வரிலேயே ரூட்டின் கிரான் வேலை (நேரத்துக்குத் தானாக ஓடும் வேலை) ஒன்று, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, வந்து முடிந்த கோப்புகளை அந்தப் பயனருக்குத் தெரியாத வேறு போல்டருக்கு நகர்த்தட்டும், அங்கே அதே பெயரில் ஏற்கனவே ஒன்று இருந்தால் மேலெழுதாமல். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் மேலே செய்த எல்லாம் அரை வேலை. வைரஸ் கடை கொம்பியூட்டரை முழுதாகப் பிடித்தாலும் நேற்று வரைக்குமான கோப்புகளை அதனால் தொட முடியாது.

அடுத்தது, நாம் பேசுவது நம் சேர்வரோடுதானா? முதல் முறை இணையும்போது சேர்வரின் திறப்புக்கு அடையாளமான ஒரு கைரேகையைக் காட்டி யெஸ் தட்டவா என்று கேட்கும், எல்லோரும் தட்டிவிடுவார்கள். ஸ்கிரிப்ட்டில் அந்தக் கேள்வி தொல்லை என்று ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங்கை நோ என்று வைக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கிறது, கேட்காதீர்கள். எஸ்எஸ்எச்-கீஸ்கேன் மட்டும் போட்டு எடுத்துக்கொள்வதும் அதே கதைதான், நடுவில் ஒருவன் நின்றால் அவனுடைய திறப்பைத்தான் அது கொண்டுவரும். சேர்வர் நிறுவனத்தின் வெப் கன்சோலில் உள்ளே போய், சேர்வரின் திறப்புக் கோப்பை எஸ்எஸ்எச்-கீஜெனிடம் கொடுத்து கைரேகையைப் பாருங்கள், கடையில் தெரிகிற எஸ்எச்ஏ256 கைரேகையோடு ஒத்துப்போனால் தெரிந்த சேர்வர்களின் பட்டியலான நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சேருங்கள், பிறகு அந்த ஆப்ஷனை யெஸ் என்று வைத்துவிடுங்கள். சேர்வரின் திறப்பு மாறினால் அனுப்புவது நிற்கும். நிற்கட்டும், நின்றால்தான் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

அனுப்பும் வரிகள்

எஸ்எஃப்டிபிக்குக் கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி, சிறிய பி ஆப்ஷனோடு கொடுங்கள். ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே உள்ளீடாகத் தள்ளிவிடுவது சுலபம்தான், ஆனால் அப்படிச் செய்தால் புட் (கோப்பை ஏற்றும் கட்டளை) தோற்றாலும் அடுத்த வரிக்குப் போய், கடைசியில் எல்லாம் சரி என்று வெளியே வரும். பி ஆப்ஷனில் ஒரு வரி தோற்றால் அங்கேயே நின்று பிழை எண்ணோடு திரும்பும், கடவுச்சொல் கேட்டும் தொங்கிக்கொண்டிருக்காது.

உள்ளே மூன்று வேலை. கோப்பை, பெயரின் கடைசியில் பார்ட் என்ற ஒட்டோடு புட் பண்ணுவது. அதன் எஸ்எச்ஏ256 தொகையை (கோப்பு மாறினால் தானும் மாறும் சரிபார்ப்பு எண்) எழுதிய சிறு கோப்பைப் புட் பண்ணுவது. கடைசியாக, பார்ட் ஒட்டை எடுத்துச் சரியான பெயருக்கு ரீநேம். ரீநேம் நடந்திருந்தால் முழுக் கோப்பும் வந்துவிட்டது என்று அர்த்தம், சேர்வரின் கிரான் ஒட்டு இல்லாததை மட்டும் தொடட்டும், நகர்த்தும் முன் தொகையையும் சரிபார்க்கட்டும்.

இனி நம்மூர் விஷயம். மாரி மழை தொடங்கினால் கரண்டும் சிக்னலும் மாறி மாறிப் போகும். 200 எம்பி கோப்பு, மேலேற்றும் வேகம் 2 எம்பிபிஎஸ் என்றால் சுமார் 13 நிமிடம், அதற்குள் ஒருமுறையாவது அறுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சேர்வர் அலைவ் இன்டர்வலை 15 என்று வையுங்கள், மூன்று முறை பதில் இல்லாவிட்டால் 45 விநாடியில் விட்டுவிடும், இல்லாவிட்டால் செத்த தொடர்பைப் பிடித்துக்கொண்டு விடியும் வரை நிற்கும். மறு முயற்சியில் புட்டுக்குப் பதில் ரீபுட் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு நிபந்தனை: அதே கோப்பாக இருக்க வேண்டும். மறு முயற்சிக்கு முழு ஸ்கிரிப்ட்டையும் ஓட்டினால் கோப்பு மறுபடி பூட்டப்படும், ஒரே தரவைப் பூட்டினாலும் ஒவ்வொரு முறையும் வேறு பைட்டுகள்தான் வரும், பழைய பாதியும் புதிய பாதியும் ஒட்டி எதற்கும் உதவாத கோப்பு ஒன்று உருவாகும். ஆகவே எடுத்துப் பூட்டுவது ஒரு ஸ்கிரிப்ட், அனுப்புவது வேறு, மறு முயற்சி பின்னதற்கு மட்டும். மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க் போடலாமே என்று கேட்பீர்கள், நல்ல கருவிதான், ஆனால் இன்டர்னல் எஸ்எஃப்டிபியோடு பூட்டிய கணக்கில் அது ஓடாது.

எப்போது ஓட்டுவது

இரவு இரண்டு மணி என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். இங்கே கடை பூட்டும்போது மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுத்தான் போகிறார்கள், இரண்டு மணிக்கு ஓட அங்கே கொம்பியூட்டர் உயிரோடு இல்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டுங்கள், பில் நிற்காது என்று மேலே பார்த்தோம். லினக்ஸில் சிஸ்டம்டி டைமரின் பெர்சிஸ்டென்ட்டை ட்ரூ என்று வைத்தால், தவறிய வேலை கொம்பியூட்டர் வந்ததும் ஓடும். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரிலும் தவறினால் முடிந்தளவு விரைவில் ஓட்டு என்று ஒரு டிக் இருக்கிறது. கையால் ஓட்டினால் சரி, ஷெட்யூலரில் பிழை என்றால் முதலில் எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று பாருங்கள், வேறு கணக்கு என்றால் அதற்கு நோன் ஹோஸ்ட்ஸும் வேறு. திறப்பின் பாதையையும் அந்தக் கோப்பின் பாதையையும் கட்டளையிலேயே முழுதாக எழுதிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

கோப்பின் பெயரில் தேதியைக் கடை கொம்பியூட்டர் போடட்டும். வெளி சேர்வர் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யுடிசியில் இருக்கும், நாம் ஐந்தரை மணித்தியாலம் முன்னே, நள்ளிரவு தாண்டிய கோப்புக்கு சேர்வர் முதல்நாள் தேதியைக் கொடுத்துவிடும்.

பிழை வந்தால் மெயில் அனுப்பு என்று கடையில் வைப்பதில் பெரிய பிரயோசனம் இல்லை, கொம்பியூட்டரே செத்துப்போனால் யார் அனுப்புவது? சேர்வர் பக்கம் வையுங்கள்: கடைசிக் கோப்பு வந்து 26 மணித்தியாலம் தாண்டினால், அல்லது கோப்பு நேற்றையதை விடப் பாதியாகச் சிறுத்தால், எனக்குச் செய்தி அனுப்பு. வெள்ளிக்கிழமையோ ஞாயிறோ பூட்டும் கடை என்றால் அந்த நாளுக்கு விலக்கு போடுங்கள், இல்லாவிட்டால் வாராவாரம் பொய்ச் செய்தி வந்து, பிறகு உண்மைச் செய்தியையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

மாதம் ஒருமுறை ஒரு கோப்பை இறக்கி, வேறொரு லேப்டொப்பில், வீட்டில் இருக்கும் இரகசியத் திறப்பால் திறந்து, வெறும் தரவுத்தளம் ஒன்றில் ஏற்றி, அன்றைய கடைசி பில் இலக்கம் இருக்கிறதா என்று கடைப் பிரதியோடு ஒப்பிடுங்கள். பார்த்து முடிந்ததும் அந்தத் தரவுத்தளத்தையும் திறந்த கோப்பையும் லேப்டொப்பிலிருந்து அழியுங்கள். கொம்பியூட்டர் பார்த்த பையன் கட்டாருக்கோ கொழும்புக்கோ வேலைக்குப் போய்விட்டால், அன்றே சேர்வரின் அத்தரைஸ்டு கீஸ் கோப்பில் பழைய வரியை அழித்துப் புதுத் திறப்பு போடுங்கள், தரவுத்தளக் கணக்கின் கடவுச்சொல்லையும் சேர்வர் நிறுவனத்தின் கணக்குக் கடவுச்சொல்லையும் சேர்த்து மாற்றுங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், அது கையில் இருந்தால் மற்ற எல்லாப் பூட்டையும் வெளியிலிருந்தே கழற்றலாம்.